மாமாவின் வயிற்றில் பாதி

ஆயுர்வேத மாலை வகுப்பில் ஆறாவது பாடம் சாப்பாட்டு அளவு பற்றியது. வயிற்றில் பாதி உணவு, கால் பங்கு தண்ணீர், கால் பங்கு காலி. காலி இடம் இருந்தால்தான் வயிற்றுத் தீ மூச்சு விடும் என்றார் ஆசிரியை. பாதியை எப்படி அளப்பது என்று கேட்டேன். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து இரண்டு தடவை அள்ளினால் ஒரு வேளைக்கு ஆயிற்று என்றார். எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டேன்.

அந்த வாரம்தான் மாமாவுக்கு, அதாவது என் அக்காவின் கணவருக்கு, வேலையில் எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். அவர் ஒரு கிடங்கில் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறார். மதியம் சாப்பிட்டதும் நெஞ்செரிச்சல் தாங்காமல் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டுப் பெட்டிகளுக்குப் பின்னால் போய்ப் படுத்துவிடுவார். இரண்டு வாரத்தில் இந்தப் பழக்கம் நிற்காவிட்டால் வண்டியிலிருந்து இறக்கி லேபிள் ஒட்ட அனுப்பிவிடுவதாக மேற்பார்வையாளர் கெடு வைத்தார்.

“நீதான் இதெல்லாம் படிக்கிறியே, ஏதாவது பண்ணும்மா” என்றார் மாமா.

மறுக்கலாமா என்று நோட்டில் ஒரு பக்கத்துக்குக் காரணங்கள் எழுதிப் பார்த்தேன். பிறகு ஒப்புக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து அவருடைய மதியச் சாப்பாட்டை நானே கையைக் கழுவிக்கொண்டு அளந்து கட்டினேன். இரண்டு அள்ளல், ஒரு பருக்கைகூட அதிகம் இல்லை. நான்காம் நாள் எரிச்சல் அதிகமாகிவிட்டது. என் நோட்டில் தேதி, நேரம், ஏப்பத்தின் எண்ணிக்கை எல்லாம் சரியாக இருந்தன. மாமா மட்டும் சரியாக இல்லை.

அன்று துவைக்கப் போட்ட பேண்ட்டிலிருந்து அக்கா ஏழு பிஸ்கட் உறைகளை எடுத்தாள்.

“என்னங்க இது?”

“கூட வேலை செய்றவனுக்கு வாங்குனேன்.”

“அவன் தின்னுட்டு உறையை உங்க பையில போட்டானாக்கும்?”

மாமா என் பக்கம் திரும்பினார். “தப்பா நினைக்காதம்மா. நீ கட்டுறது கடைவாய்ப் பல்லுக்குக்கூடப் பத்தலை. மூணு மணிக்கு ரெண்டு லாரி தெரியுது. நிக்கிறது ஒண்ணுதான்.”

ஆறாவது பாடத்தைத் திரும்பப் படித்தேன். ‘அவரவர் உள்ளங்கை’ என்று என் கையெழுத்திலேயே இருந்தது. அடிக்கோடு அடுத்த வரியில் இருந்தது.

“உன் கையாலயா அளந்த? இவருக்கா?” அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “இவர் கை முறம்டி! நீ படிக்கிறது வைத்தியமா, பட்டினி போடுறதா?”

முன்பு சாப்பிட்டது செரிப்பதற்குள் மேலே தின்னக் கூடாது என்பது மூன்றாம் பாடம். மாமாவை நாள் முழுக்க அப்படித் தின்ன வைத்தவள் நான். மன்னிப்புக் கேட்டேன்.

“பரவாயில்ல. கெடுவுக்கு இன்னும் பத்து நாள் இருக்கு” என்றார்.

மறுநாள் அவரையே அள்ளச் சொன்னேன். டப்பா மூடவில்லை. அவர் வழக்கமாகக் கொண்டுபோனதைவிட அது அதிகம். அப்படியானால் அளவு ஆரம்பத்திலிருந்தே குற்றவாளி இல்லை.

“முன்னாடி எவ்வளவு நேரத்துல சாப்பிடுவீங்க மாமா?”

“ஸ்டியரிங் மேல டப்பாவை வச்சா, அடுத்த லாரி வர்றதுக்குள்ள முடிச்சிடுவேன். அஞ்சு நிமிஷம். தொண்டையில நின்னா ஒரு ஐஸ் சோடா.”

கீழே இறங்கி உட்கார வேண்டும், மென்று சாப்பிட இருபது நிமிடம், சோடா கிடையாது என்றேன். பெரிய டப்பா ஒன்றும் வாங்கினோம்.

கெடு முடிந்த அன்று மேற்பார்வையாளர் பெட்டிகளுக்குப் பின்னால் போய்ப் பார்த்தாராம். யாரும் படுத்திருக்கவில்லை. மாமா வண்டியில் இருந்தார். லேபிள் ஒட்ட வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனாராம்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது நோட்டில் ‘பலன்: உண்டு’ என்று எழுதினேன். ‘காரணம்’ என்ற இடத்தில் பேனா நின்றது. அளவு, நேரம், சோடா மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டேன். எதனால் குணமானது என்று எப்படிச் சொல்வது?

“ஒவ்வொண்ணா பழையபடி மாத்திப் பார்க்கலாமா மாமா? மூணு வாரம் போதும்.”

“அவர் வயித்தை விட்டுடுடி” என்றாள் அக்கா.

மாமா வாயில் இருந்ததை இன்னும் மென்று முடிக்கவில்லை.