மங்கம்மா வைத்த ரேகை

வார்டு உறுப்பினர் தேர்தலில் இரண்டே ஓட்டில் தோற்றது செவ்வந்திக்குப் புரிந்தது. அதை எதிர்த்து வழக்குப் போடுவதுதான் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. உத்திரமேரூர் பஜாரில் வக்கீல் தாமோதரனின் மாடிப்படியை அவள் ஏறுவது இது ஐந்தாவது முறை. மனு கொடுக்க நாளையோடு கெடு முடிகிறது.

"மூணு ஓட்டுச் சீட்டைச் செல்லாதுன்னு தள்ளிட்டாங்க சார். மூணும் நம்ம சின்னத்துல குத்துனது. எண்ணுற எடத்துல எங்க வூட்டுக்காரரு பாத்துக்கினுதான் இருந்தாரு. இது போதாதா?"

"அநியாயமா தள்ளிட்டாங்கன்னு மட்டும் எழுதினா விசாரிக்காமலே தூக்கிப் போட்டுடுவாங்கம்மா. யார் சீட்டு, என்ன காரணம் சொன்னாங்க, அது எப்படித் தப்பு, எல்லாம் மனுவுலயே இருக்கணும்."

காரணம் ஒன்றுதான். மூன்று சீட்டிலும் முத்திரைக்குப் பக்கத்தில் கட்டைவிரல் மை. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் ஓட்டுச் சீட்டின் அடிக்கட்டையில் ரேகை வைத்துவிட்டுத்தான் சீட்டை வாங்குவார்கள். அந்த மை மடிக்கும்போது தவறி ஒட்டியது என்றால் வழக்கு நிற்குமாம். வேண்டுமென்றே வைத்தது என்றால் யார் ஓட்டு என்று காட்டும் அடையாளமாகிவிடும், தள்ளியது சரியாம். மைக்கு இத்தனை குலம் கோத்திரம் பார்ப்பார்கள் என்று அவள் எங்கே கண்டாள்?

இரண்டு சீட்டு தங்களுடையது, மை தவறி ஒட்டியது என்று ஞானதாஸும் கோவிந்தம்மாளும் சொல்லிவிட்டார்கள். மூன்றாவது சீட்டு மங்கம்மாவுடையது. புருஷன் வழியில் அத்தை முறை. அவளைக் கையோடு அழைத்து வந்திருந்தாள்.

"மடிக்கும்போது ஒட்டிச்சாம்மா?" என்று வக்கீல் கேட்டார்.

"இல்ல சார். நான்தான் அயுத்தி வெச்சேன்."

"அத்தே, நல்லா யோசிச்சு சொல்லு."

"இதுல யோசிக்க இன்னா கீது? போன எலக்சன்ல பொடவ வாங்கிக்கினு அந்தப் பக்கம் போட்டேன்னு காலனியே பேசிச்சு. இந்த வாட்டி நீயும் வந்து கேட்ட. எனக்குத்தான் போடுவன்னு எப்டி நம்புறதுன்னு. அதான் வெச்சேன். பொட்டியத் தொறந்தா பாப்பன்னு நெனச்சேன்."

கேட்டது உண்மை. பத்துப் பேர் எதிரில் கேட்டுவிட்டு அடுத்த வாசலுக்குப் போவதற்குள் மறந்தும் போயிருந்தாள். செவ்வந்திக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கோபமும் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"இப்படியே எழுதினா இந்த ஓட்டு கிடைக்கிறது கஷ்டம். மத்த ரெண்டும் வந்தா சமம், அப்புறம் சீட்டுக் குலுக்கல்தான். மூணும் வந்தாத்தான் ஜெயிப்பே. மனுவுல இருக்கறது உண்மைன்னு நீதான் கையெழுத்துப் போடணும். என்ன எழுதட்டும்?"

தவறி ஒட்டியது என்று ஒரு வரி. அவ்வளவுதான். ஆனால் இந்தக் கிழவியை ஊர் ஒரு தடவை பொய்க்காரி ஆக்கியது போதாதா?

"அத்தே சொன்னதையே எழுதுங்க சார்."

சொல்லிவிட்டாளே தவிர, அது நியாயமா பைத்தியக்காரத்தனமா என்று அவளுக்கே விளங்கவில்லை.

வக்கீல் வாக்குமூலத்தை டைப் அடித்து முடித்து, தாளையும் மை டப்பாவையும் மங்கம்மா பக்கம் நகர்த்தினார். மங்கம்மா கட்டைவிரலை மையில் ஒற்றினாள். தாளுக்கு மேலே அதை நிறுத்திவிட்டுச் செவ்வந்தியைப் பார்த்தாள்.

"இதுல வெச்சா செல்லுமாம்மே?"