மச்சம் வைத்த பதில்கள்

தலைமையாசிரியை மூன்று தாள்களையும் சீட்டு விரிப்பது போல மேசை மேல் பரப்பினார். உயிரியல், இயற்பியல், புவியியல். மூன்றிலும் மகளின் சாய்ந்த கையெழுத்து. மூன்றிலும் சில வரிகளுக்கு அடியில் சிவப்புக் கோடு.

"படிச்சுப் பாருங்க" என்றார்.

அம்மா குனிந்து படித்தாள். முதல் கோட்டைத் தாண்டி அவளால் போக முடியவில்லை.

'சிறுநீரகம் ஒரு டிக்கெட் பரிசோதகர். வண்டியில் இருக்கும் எல்லோரையும் கீழே இறக்குவார். டிக்கெட் வைத்திருப்பவர்களை மட்டும் மறுபடி ஏற்றிக்கொள்வார்.'

அந்த வரி அவளுக்குத் தெரியும். போன மாதம் அதைத் தட்டச்சு செய்ததே அவள்தான்.

வீட்டுப்பாடத்துக்கு உதவி செய்கிற ஒரு செயலி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கைபேசிகளில் காட்டுத்தீயாகப் பரவியிருந்தது. கேள்வியைப் படம் எடுத்து அனுப்பினால் போதும், தேநீர் ஆறுவதற்குள் பதில் வந்துவிடும். அதில் உள்ள பதில்களோடு பிள்ளைகளின் வீட்டுப்பாடங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் சேவை ஒன்றைப் பள்ளி இந்த வருடம் வாங்கியிருந்தது. அதில் இவள் மகள் மாட்டியிருக்கிறாள்.

"ஒண்ணு பொருந்தினா தற்செயல்னு விட்டிருப்பேன். மூணு பாடம், மூணும் அச்சு அசல். நான் என்ன பண்ணட்டும் சொல்லுங்க" என்றார் தலைமையாசிரியை. கெட்டவர் இல்லை. நேற்றுவரை இதே மகளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியவர். தங்கிப் படிக்கும் அறிவியல் பள்ளிக்கு ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் ஒரே ஒரு பிள்ளையைத்தான் அனுப்ப முடியும். அந்தப் பரிந்துரையில் மகளின் பெயரை எழுதிக் கையெழுத்து போட வேண்டியதுதான் பாக்கி. வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். இன்று புதன்.

மகள் நாற்காலி நுனியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். "நான் அந்தச் செயலியைத் தொட்டதே இல்ல, மிஸ். இதெல்லாம் நானா யோசிச்சது. வீட்டுல எப்பவும் இப்படித்தான் பேசுவேன். அம்மாவையே கேளுங்க."

இரண்டு முகங்களும் அவள் பக்கம் திரும்பின.

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவள் கணினியில் ஏதோ தட்டச்சு வேலை பார்ப்பதாகத்தான் மகள் நம்பிக்கொண்டிருந்தாள். அந்தச் செயலியைப் பார்த்து எழுதும் பிள்ளைகளைப் பற்றிச் சாப்பாட்டு மேசையில் மகள் காறித் துப்பாத குறையாகப் பேசும்போதெல்லாம், இவள் ஆமாம் போட்டுக்கொண்டே தட்டைப் பார்த்துச் சாப்பிட்டிருக்கிறாள்.

"ஆமா... பேசுவா" என்றாள். அவ்வளவுதான் வந்தது.

தலைமையாசிரியை பெருமூச்சு விட்டார். எந்த அம்மாவும் இதைத்தான் சொல்வார் என்று அந்த மூச்சே சொன்னது.

அவளுடைய அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. ரப்பர் நாற்றம் படியேறி வந்து திரைச்சீலையிலும் தலைமுடியிலும் குடியேறிவிடும். வரிசையாகக் கணினிகள். கணக்குக்கு ஒரு வரிசை, வேதியியலுக்கு ஒரு வரிசை, இலக்கணத்துக்கு ஒரு மூலை. எந்த வரிசையும் சீந்தாத கேள்விகள் எல்லாம் ஜன்னலோரம் இவளிடம் வந்து சேரும். தவளையின் இதயம் முடிந்ததும் வட்டிக் கணக்கு, அது முடிந்ததும் பருவக்காற்று. அங்கே அவளுக்குப் பெயர் ஆல்ரவுண்டர் அக்கா.

அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. அனுப்பும் ஒவ்வொரு பதிலிலும் ஒரு மச்சம் வைக்க வேண்டும். போட்டி நிறுவனங்கள் பதில்களைத் திருடித் தங்கள் சரக்காக விற்கின்றனவாம். திருடியதை நிரூபிக்க ஓர் அடையாளம் தேவையாம். மச்சம் தப்பாக இருக்கக் கூடாது, பிள்ளைக்கு மதிப்பெண் குறையக் கூடாது. ஆனால் உலகத்தில் வேறு எவருக்கும் தோன்றாத ஒன்றாக அது இருக்க வேண்டும். மற்றவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டு எதையாவது செருகுவார்கள். ஆல்ரவுண்டர் அக்கா வைக்கும் மச்சம் மட்டும் பிறந்தபோதே இருந்ததைப் போலப் பொருந்தி உட்காரும். மேலாளர் அதைக் கூட்டம் போட்டுக் காட்டியிருக்கிறார்.

எங்கிருந்து வந்தன அவை என்று யாரும் கேட்டதில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

வீட்டில் மகளுக்கு 'மாதிரி' என்று பெயர் வைத்திருந்தார் அப்பா. எதைப் பார்த்தாலும் அது மாதிரி இருக்கிறது, இது மாதிரி இருக்கிறது என்று வாய் ஓயாது. அப்பா பேருந்து ஓட்டுநர். அவருடைய வண்டியின் முன்கதவு அடிக்கடி மாட்டிக்கொள்ளும். அதை அவர் அலுத்துக்கொண்ட ஒரு சாயங்காலம், கம்பியில் மின்சாரத்துக்கு வரும் மின்தடை என்றால் அதுதான் என்றாள் மகள். கூட்டம் அதே கூட்டம், உள்ளே போகிற வேகம்தான் குறையும். டிக்கெட் பரிசோதகரோடு அப்பாவுக்குச் சண்டை வந்த அன்று சிறுநீரகம் பிறந்தது. தரை சீக்கிரம் சூடாகிச் சீக்கிரம் ஆறிவிடுவதால் அது அப்பா. கடல் சூடாகவும் நாளாகும், ஆறவும் நாளாகும், அதனால் அது அத்தை. அன்று அப்பா சிரித்த சிரிப்பில் புரையேறி, தலையில் தட்ட வேண்டியதாகிவிட்டது.

அம்மாவும் சிரித்தாள். மறுநாள் அலுவலகத்தில் திரையில் மச்சத்துக்கான கட்டம் காலியாக இருந்தபோது, அத்தையை மட்டும் எடுத்துவிட்டு 'மனதில் வைத்துக்கொள்ளும் உறவினர்' என்று போட்டாள். மகளும் அவளைப் போலவே நாகரிகம் பார்த்து, வீட்டுப்பாடத்தில் அத்தையை 'உறவினர்' ஆக்கியிருந்தாள் என்பது இன்றுதான் தெரிந்தது.

காதும் காதும் வைத்த மாதிரி முடித்துவிடலாம் என்று நினைத்தாள். நிறுவனமே பள்ளிக்கு ஒரு வரி எழுதினால் போதும். பொருத்தம் காட்டியது தவறு, மன்னிக்கவும். மகளுக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை.

மேலாளருக்கு முதுகுவலி. எங்கே போனாலும் கக்கத்தில் ஒரு தலையணையோடு போவார். அதனால் அவர் தலையணை சார். அவள் சொன்னதை எல்லாம் அவர் தலையணையை முதுகுக்குப் பின்னால் சரிசெய்துகொண்டே கேட்டார். கடைசியில் கேட்டார், எந்தப் பள்ளி என்று. சொன்னாள். திரையில் பார்த்தார்.

"நம்ம கஸ்டமர்தான்" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை.

"ஒப்பிட்டுப் பார்க்கிற சேவையும் நம்மளோடதுதான், மேடம். பேர் மட்டும் வேற. பின்ன இத்தனை மச்சம் எதுக்கு வைக்கிறோம்? போட்டிக் கம்பெனிக்காரனைப் பிடிச்சு என்ன கிடைக்கப் போகுது?" மிகவும் சாதாரணமாகச் சொன்னார், மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வதைப் போல. பிள்ளைகளுக்குப் பதில், பள்ளிகளுக்கு மச்சம். ஒரே சரக்கு, இரண்டு வாசல்.

அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் இந்தச் செயலியில்தான் எழுதுகிறார்கள் என்று மகள் சொல்லியிருக்கிறாளே, அவர்கள் ஏன் மாட்டவில்லை என்று கேட்டாள்.

"கூடுதல் கட்டணம் கட்டியிருப்பாங்க. மச்சம் எடுத்த பதில் அவங்களுக்குப் போகும்."

அப்படியானால் காசு கட்டிப் பார்த்து எழுதியவன் தப்பித்துக்கொள்வான். தானாக யோசித்து எழுதியவள் மாட்டிக்கொள்வாள். அதைச் சொல்லவும் செய்தாள். தலையணை சார் மறுக்கவில்லை. ஒரு பள்ளிக்கு அறிக்கை தப்பு என்று எழுதிக் கொடுத்தால், நாளைக்கு எல்லாப் பள்ளியும் வாசலில் வந்து நிற்கும் என்றார். வருத்தம்தான், ஆனால் முடியாது. அவள் எழுந்தபோது உண்மையான அக்கறையோடு ஒன்று சொன்னார்:

"உங்க பொண்ணும் அங்கேதான் படிக்கிறான்னு சொல்லவே இல்லையே. ஊழியர் சலுகையில மச்சம் எடுத்ததே கொடுத்திருப்போமே."

வியாழக்கிழமை காலை மறுபடி அதே அறை, அதே நாற்காலி. மகளையும் கூப்பிடச் சொன்னது அவள்தான். மகள் முன்னால் சொன்னால்தான் அது சொன்னதாகும் என்று ராத்திரி முழுக்கப் புரண்டு முடிவெடுத்திருந்தாள்.

ஒன்று விடாமல் சொன்னாள். எங்கே வேலை பார்க்கிறாள், மச்சம் என்றால் என்ன, அதை யாரிடமிருந்து எடுத்தாள், பள்ளி வாங்கிய சேவையை நடத்துவது யார். பேசி முடிக்கும்வரை மகள் பக்கம் திரும்பவில்லை. தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நேத்து இதே நாற்காலியில உட்கார்ந்திருந்தீங்க. உங்க பொண்ணு உங்களைத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டா. வாயத் திறக்கலையே."

"பயந்துட்டேன், மேடம்."

"நேத்துச் சொல்லியிருந்தா நம்பியிருப்பேன். இன்னைக்குக் கதை கட்டிக்கிட்டு வந்த மாதிரி இருக்கு." கொஞ்சம் யோசித்தார். "சரி, நம்பறேன்னே வைங்க. அது இன்னும் மோசம். அம்மா வேலையே வீட்டுப்பாடத்துக்குப் பதில் எழுதறது. அப்படின்னா இத்தனை வருஷம் இவ வாங்கின மார்க்குல இவளோடது எது, உங்களோடது எதுன்னு அந்தப் பள்ளிக்காரங்க கேப்பாங்க. நான் என்ன பதில் எழுதட்டும்?"



மருந்துக்கடைக்காரர் மகனின் பெயரை அனுப்பப்போவதாகத் தலைமையாசிரியை சொன்னார். நல்ல பையன், வீட்டுப்பாடத்தில் ஒரு சிவப்புக் கோடுகூட இல்லையாம்.

தாழ்வாரத்தில் மகள் இரண்டடி முன்னால் நடந்தாள். வகுப்புகளிலிருந்து வாய்ப்பாடு ஒப்பிக்கும் சத்தம் வந்தது. தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்று திரும்பினாள். அழவில்லை. அழுதிருந்தால் அணைத்துக்கொள்ள ஒரு சாக்கு கிடைத்திருக்கும்.

"கிட்னிய எப்ப எடுத்தே?"

"நீ சொன்ன மறுநாள்."

"கதவு?"

"அதுவும் அப்படித்தான்."

"வேற எதெல்லாம்?"

அம்மா சுவரைப் பார்த்தாள். பொய் சொல்ல இன்னும் ஒரு சந்தர்ப்பம் இருந்தது. "எல்லாம்" என்றாள்.

மகள் தலையை ஆட்டிக்கொண்டாள், கணக்கில் விடை எங்கே தப்பியது என்று கண்டுபிடித்தவளைப் போல. "அதான் நான் பேசினா அப்படி விழுந்து விழுந்து கேப்பியா" என்றாள். "எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்தது."

பிறகு வகுப்புக்குப் போய்விட்டாள்.

நிறுவனம் அம்மாவை வேலையிலிருந்து நிறுத்தியது. பள்ளியிலிருந்து யாரோ கேள்வி கேட்டிருக்க வேண்டும். தலையணை சார் தொலைபேசியில் மரியாதையாகவே பேசினார். வெளியில் பேசக் கூடாது என்று அவள் கையெழுத்துப் போட்டிருப்பதை நினைவுபடுத்தினார். பதில்களை எடுத்துவிடுவீர்களா என்று கேட்டாள். எழுதியவர் போனால் பதிலும் போய்விடுமா, மேடம் என்றார். ஆக, இப்போதும் எங்கோ ஒரு பிள்ளை சிறுநீரகத்தைக் கேட்டால், டிக்கெட் பரிசோதகர் போய்க் கதவைத் தட்டுகிறார். சிவப்புக் கோடு பின்னாலேயே வருகிறது.

வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. அப்பா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், மூன்றாம் நாள் இறங்கி வந்தார். அவர் தரைதானே. மகள் கேட்டதற்குப் பதில் சொல்வாள், கூப்பிட்டால் வருவாள். வீட்டுப்பாடத்தை இப்போது கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறாள். எழுதிய தாள் ஒன்று துவைக்கிற துணியின் பையில் கிடைத்தது. 'சிறுநீரகம் இரத்தத்திலுள்ள கழிவுப் பொருட்களை வடிகட்டும் உறுப்பாகும்.' பாடநூலில் இருப்பது அப்படியே, ஒரு சொல் கூடக் குறையாமல். எந்த இயந்திரத்தாலும் குற்றம் சொல்ல முடியாத பதில். ஓரத்தில் ஆசிரியர் 'மிக நன்று' என்று எழுதியிருந்தார். அம்மா அதைக் காய்ந்த துணிகளுக்கு நடுவே மடித்து வைத்தாள்.

ஒரு சாயங்காலம் அவள் அடுப்படியில் இருந்தபோது கூடத்தில் அப்பாவின் குரல் கேட்டது. வண்டியின் முன்கதவை ஒருவழியாகச் சரி செய்துவிட்டார்களாம். இப்போது பின்கதவு மாட்டிக்கொள்கிறதாம். தலையெழுத்து என்று அலுத்துக்கொண்டார்.

மகள் சிரித்தாள். பழைய சிரிப்பு. "அப்பா, அது எப்படி இருக்கு தெரியுமா? நம்ம..."

அம்மா தன்னை அறியாமல் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கூடத்து வாசலுக்கு வந்திருந்தாள். கேட்கத்தான் வந்தாள். வேறெதற்கும் இல்லை, வெறுமனே கேட்க.

மகள் அவளைப் பார்த்தாள். வாய் திறந்தது திறந்தபடி ஒரு கணம் இருந்தது. பிறகு மூடிக்கொண்டது.

"எப்படி இருக்கு? சொல்லு, மாதிரி" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லப்பா" என்றாள் மகள். "கதவு மாதிரிதான் இருக்கு."