மூக்குச் சாட்சி

வாவியின் மேல் இருட்டு இன்னும் கலையவில்லை. தோணிக்காரர்களின் விளக்குகள் தூரத்தில் மினுங்கிக்கொண்டிருந்தன. ஏறாவூருக்கு அப்பால், ஒரு காலத்தில் நெல் ஆலையாக இருந்த தகரக் கூரைக் கட்டடத்துக்குள் அதற்குள்ளேயே ட்ரம் உருளும் சத்தம் எழும்பிவிட்டது. மார்கிறட்டும் றஸீனாவும் ஆளுக்கொரு பக்கம் தோளைக் கொடுத்து, நீல ட்ரம்மை மரக்கட்டையின் மேல் ஏற்றினார்கள். ஏற்றி நிமிர்வதற்குள் முதுகு விண் விண்ணென்று தெறித்தது.

ட்ரம்முக்குள் இருப்பது போர்மலின். சதை அழுகாமல் காக்கும் மருந்து. ஆஸ்பத்திரியில் நோயாளியின் உடம்பிலிருந்து வெட்டி எடுக்கும் சிறு துண்டை, பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பும்வரை கெடாமல் வைத்திருக்க இதுதான் வேண்டும். அதைத் தண்ணீரில் கலந்து, விரலளவு போத்தல்களில் நிரப்பி, மூடியை இறுக்கி, லேபல் ஒட்டி அடுக்குவது இந்தப் பெண்களின் வேலை. வெயில் ஏறினால் தகரம் கொதிக்கும், தகரம் கொதித்தால் மருந்து ஆவியாகும். அதனால்தான் விடியப்புறத்திலேயே தொடங்க வேண்டும் என்று முதலாளி வினாயகமூர்த்தி சட்டம் போட்டிருந்தார். பெண்களின் மேல் இரக்கம் வைத்தல்ல. ஆவியாகிப் போவது அவருடைய மருந்தல்லவா!

ஆவியை வெளியே இழுத்துத் தள்ளச் சுவரின் உச்சியில் பெரிய விசிறி ஒன்று இருக்கத்தான் செய்தது. கரண்ட் விலை ஏறிய நாளிலிருந்து அது பெட்டியில் பூட்டி வைத்த நகை மாதிரி. வெளியாள் வந்தால் மட்டும்தான் அதற்கு ஓட்டம். ஜன்னல்களையும் பலகை அடித்து மூடியிருந்தார்கள். தூசி விழுந்தால் போத்தல் பழுதாகிவிடுமாம். உள்ளே இருக்கிற மனுசர் பழுதானால் அதற்கு யார் கணக்குக் கேட்பது?

போன கிழமை அஜந்தா விழுந்தாள். மார்கிறட்டுக்குப் பக்கத்து மேசை அவளுடையது. ட்ரம்மின் குழாய் பழுதாகி, தண்ணீர் கலக்காத மருந்து மேசைக்கடியில் சொட்டுச் சொட்டாக வடிந்து குளமாகி நின்றிருக்கிறது.

"அக்கா, கண் எரியுது. வழமையை விட மணக்குது கா" என்று அவள் இருமிக்கொண்டே சொன்னாள்.

"பழகிப் போகும் புள்ள" என்றாள் மார்கிறட்.

உருண்டு போன மூடி ஒன்றை எடுக்கக் குனிந்த அஜந்தாவுக்கு மூச்சு அடைத்தது. அப்படியே முகம் குப்புற அந்தக் குளத்துக்குள் விழுந்தாள். இப்போது ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணில் கட்டோடு படுத்திருக்கிறாள். அந்தக் கண்ணில் பார்வை திரும்புமா இல்லையா என்று டொக்டர் இன்னும் உறுதி சொல்லவில்லை. அவளுடைய புருஷன் அரசாங்கத் தொழில் கந்தோரில் முறைப்பாடு கொடுத்துவிட்டான். நாளை விசாரிக்க ஆள் வருகிறது.

முதலாளி மார்கிறட்டைத் தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே ஏசி குளிர்ந்தது.

"அண்டைக்கு அஜந்தாக்குப் பக்கத்தில நிண்டது நீதானே?"

"ஓம் முதலாளி."

"உனக்கு ஏதும் மணம் வந்ததா?"

மார்கிறட் தயங்கினாள். "இல்ல முதலாளி."

"அத அப்பிடியே வாற மிஸ்ஸிட்டச் சொல்லு. நான் பொய்யா சொல்லச் சொல்றன்? உண்மையச் சொல்லு. காலையில சாப்பிடாம வந்து மயங்கி விழுந்தா அதுக்கு நான் பொறுப்பா?"

"முதலாளி, எனக்கு மணம்…"

"இஞ்ச பார்" என்று அவர் குறுக்கிட்டார். குரல் தேனாக இருந்தது. "மூக்குப் போன ஆக்கள இந்த வேலைக்கு வைக்க ஏலாது. மருந்து கசிஞ்சா எப்பிடிக் கண்டுபிடிக்கிற? அப்பிடி ஆராவது இருந்தா நாளைக்கே வீட்ட போக வேண்டியதுதான். உனக்கு அப்பிடி ஒண்டுமில்லத்தானே?"

மார்கிறட் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். தெரியாமலா அவர் கேட்டார்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மனுசன், மறைப்பதற்கு அவளுடைய கையையே கேட்கிறார்.

மணம் அவளை விட்டுப் போய் மாதங்கள் ஆகின்றன. பெருநாள் பூசையில் சாம்பிராணிப் புகை எழும்பியபோது எல்லோரும் மூச்சை இழுத்தார்கள். அவளும் இழுத்தாள், வெறும் காற்றுத்தான் வந்தது. அன்றிலிருந்து கண்ணால்தான் சமையல். பாரிசவாதத்தில் ஒரு கை விளங்காமல் போன புருஷன் யோசேப்பு மூலையில் கிடந்து, "அடிப்பிடிக்குது மார்கிறட்!" என்று கத்துவான். "தெரியும், இறக்கத்தான் வாறன்" என்று இவள் சமாளிப்பாள். அவனிடம்கூடச் சொல்லவில்லை. அந்த வீட்டில் உழைக்கிற கைகள் அவளுடையவை மட்டும்தானே. மூக்குப் போனது வெளியே தெரிந்தால் வேலை போகும். சொல்லாமல் விட்டால் அஜந்தா பொய்க்காரியாவாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. மாதாவே, எந்தப் பக்கம் திரும்புவது?

அன்று மத்தியானம் வாவிக் கரையில், நீருக்குள் வேர் இறக்கிய கண்ணா மரங்களின் நிழலில், வழமைபோல் எல்லோருடைய சோற்றையும் நடுவில் வைத்துப் பகிர்ந்தார்கள். றஸீனா மாங்காய் போட்ட தேங்காய்ப்பால் கறி கொண்டுவந்திருந்தாள். அஜந்தாவின் இடத்துக்குப் புதிதாக வந்த மேனுகா ஒரு வாய் வைத்ததும் தூவென்று துப்பினாள்.

"ஐயோ அக்கா, இது ஊசிப் போய்க் கிடக்கு! இந்த நாத்தம் நாறுது, எப்பிடிக் கா சாப்பிடுறீங்க?"

கைகள் அப்படி அப்படியே நின்றன. புளிப்பை மாங்காயின் புளிப்பென்றே நினைத்து எல்லோரும் பாதிச் சோற்றை முடித்திருந்தார்கள். றஸீனா கறிச் சட்டியை மூக்கருகே கொண்டுபோனாள். மறுபடியும் கொண்டுபோனாள். பிறகு மெல்லத் தலை நிமிர்ந்தாள்.

"மார்கிறட் அக்கா, நீங்க சொல்லுங்க. நாறுதா?"

நாறுது என்று ஒரு சொல் சொன்னால் தப்பிவிடலாம். மார்கிறட்டுக்கு அஜந்தாவின் கண்கட்டு நினைவுக்கு வந்தது.

"எனக்குத் தெரியாது றஸீனா. எனக்கு மணமே தெரியிறல்ல."

"என்ட ரப்பே! எனக்கும் அப்பிடித்தான் அக்கா. எனக்கு மட்டும்தான் இந்த வருத்தம் எண்டு நெனச்சி, வீட்டிலயும் சொல்லாம இரிந்தன்."

"எனக்கும்தான்" என்றாள் லேபல் ஒட்டுகிறவள். "எனக்கும்" என்றாள் மூடி இறுக்குகிறவள். தேள் கொட்டிய திருடன் மாதிரி ஒவ்வொருத்தியும் வாயைப் பொத்திக்கொண்டு இவ்வளவு நாளும் ஒரே மேசையில் நின்றிருக்கிறார்கள். றஸீனா சிரிக்கத் தொடங்கி, சிரித்துக்கொண்டே அழுதாள். மார்கிறட்டுக்கும் கண் கலங்கியது.

"நாளைக்கு ஃபேனைப் போடுவார், நெலத்தக் கழுவுவார். மறுகா மிஸ்ஸுக்கு என்னத்த மணக்கப் போகுது?" என்றாள் றஸீனா.

"அவவுக்கு மணக்கத் தேவல்ல. எங்கட மூக்கக் காட்டுவம்."

"எல்லாரையும் வீட்ட அனுப்பிப்போட்டா?"

"எல்லாரையும் அனுப்பிப்போட்டு ஆர வைச்சிப் போத்தல் நிரப்புவார்? அவர் நிரப்புவாரா?" என்றாள் மார்கிறட். பிறகு மேனுகாவின் பக்கம் திரும்பினாள். "உங்கட அப்பா கல்குடாவில கருவாடு போடுறவர்தானே, புள்ள?"

மறுநாள் விசிறி ஓடியது. நிலம் பளிங்காகக் கழுவப்பட்டிருந்தது. வந்த அதிகாரி, கண்ணாடி போட்ட ஒரு நடுவயதுப் பெண், சுற்றிப் பார்த்தார். மூக்கைச் சுருக்கும்படி அங்கே எதுவும் இல்லை.

"நீங்களே பாருங்க மிஸ். இந்தா, அண்டைக்குப் பக்கத்தில நிண்டவ. கேளுங்க" என்றார் முதலாளி.

"உங்களுக்கு அண்டைக்கு மணம் வந்ததா, அக்கா?"

"இல்ல மிஸ்" என்றாள் மார்கிறட். முதலாளியின் முகம் மலர்ந்தது. அவள் இடுப்பில் செருகியிருந்த பொட்டலத்தை எடுத்து, பைக்குள் பையாகச் சுற்றியிருந்ததைப் பிரித்தாள். சுறாக் கருவாடு. கண்ணை மூடி, அதை மூக்கோடு அணைத்து ஆழமாக மூச்சிழுத்தாள். "இதுவும் மணக்கல்ல மிஸ். சக்கரை எண்டு தந்தாலும் நம்புவன்."

பொட்டலம் றஸீனாவின் கைக்குப் போனது. அவளும் கண்ணை மூடி முகர்ந்தாள். அடுத்தவள், அதற்கடுத்தவள் என்று மேனுகாவைத் தவிர எல்லோரிடமும் போனது. ஒருத்தியின் முகத்திலும் ஒரு சுளிப்பு இல்லை. அதிகாரி பின்வாங்கிச் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினார்.

"சீ! தூக்கி வெளியில எறிங்கடி! என்ன நாத்தம்!" என்று முதலாளி சட்டைப் பையிலிருந்த லேஞ்சியை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு கத்தினார்.

"பாத்தீங்களா மிஸ்?" என்றாள் மார்கிறட். "கண்ணாடி அறைக்குள்ள இருந்தவருக்கு மூக்கு இருக்கு. எங்கட மூக்கு இஞ்சதான் போனது. அண்டைக்கு அந்தப் புள்ள எரியுது எண்டு சொல்லிச்சு. பழகிப் போகும் எண்டு சொன்னவள் நான். எனக்கு மணம் தெரிஞ்சிருந்தா அவள் விழுந்திருக்க மாட்டாள்."

"நாடகம் மிஸ்! எல்லாரும் பேசி வைச்சிச் செய்றாளுகள்!"

"ஓம் முதலாளி, பேசித்தான் வைச்சம். டொக்டரிட்டக் கொண்டு போய்ச் சோதிச்சுப் பாருங்க."

அதிகாரி நெடுநேரம் எழுதினார். எல்லோரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்வதாகவும், அதற்குப் பிறகுதான் எதையும் முடிவாகச் சொல்லலாம் என்றும் கூறிவிட்டுப் புறப்பட்டார். அவருடைய வாகனம் வளைவில் மறைந்ததும் விசிறி நின்றது.

"மூக்கில்லாதவளுகள் எல்லாம் வெளியில!" என்று உறுமினார் முதலாளி. பெண்கள் கையுறைகளைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தார்கள். "மேனுகா, நீ நில்லு. உனக்கு மணம் தெரியும்தானே? நீ உள்ளுக்க போ. உன்ட வேலை நிரந்தரம்."

மேனுகா வாசலில் நின்றாள். பழைய பெண்கள் அவளுக்கு வழி விட்டு ஒதுங்கினார்கள். வீட்டில் என்ன பாடு என்று அவரவருக்குத்தானே தெரியும்.

"தெரியும் முதலாளி" என்றாள் அவள். "மணம் தெரியிறதாலதான் உள்ளுக்க போகமாட்டன். அந்த ஃபேனைப் போடுங்க, ஜன்னலத் திறவுங்க. மறுகா எல்லாருமா வாறம்."

அவள் வந்து கதவுக்கு முன்னால், மார்கிறட்டின் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தாள். வெளியே போத்தல் ஏற்றக் காத்திருந்த லொறி வெறுமையாக நின்றது. நாளைக்கு என்ன ஆகும் என்று ஒருவருக்கும் தெரியாது. வீட்டுக்குப் போய் யோசேப்பிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று மார்கிறட் நினைத்தாள். பயம் இன்னும் போகவில்லை, ஆனால் அது இப்போது அவளுடைய பயம் மட்டும் இல்லை.

வாவிப் பக்கமிருந்து காற்று எழும்பியது. மேனுகா முகத்தைத் தூக்கினாள்.

"அக்கா, மழை வருது. மண் மணக்குது."

மார்கிறட்டும் முகத்தைத் தூக்கி மூச்சிழுத்தாள். ஒன்றும் வரவில்லை.

"நீ சொன்னாச் சரிதான் புள்ள. கிட்ட வாங்க எல்லாரும்" என்று சொல்லி, தலையிலிருந்த துணியை அவிழ்த்து எல்லோருக்கும் போதுமாக விரித்துப் பிடித்தாள்.