மரு முளைத்த பாசி

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது கதையே அல்ல. எங்கள் சித்தாங்காய்த் தீவைச் சுற்றிய கடலில் நாங்கள் வளர்க்கும் சிவப்புப் பாசியின் உடலமைப்பும் இனப்பெருக்கமும் பற்றி ஒரு கட்டுரை. முதல் வாக்கியம் இது:

'இப்பாசியின் ஆண் அணுக்களுக்கு வால் கிடையாது. எனவே அவை நீந்த

அதோடு நின்றுவிட்டது. நீந்தத் தெரியாத மாப்பிள்ளை! நீரோட்டம் மனம் வைத்துப் பெண்செடியின் மேல் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் கல்யாணம். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கட்டுரை அங்கேயே படுத்துக்கொண்டது, ஜுமாய்தா என்றொரு பாசிக்காரி கதையாகத் தோணியோடு வந்துவிட்டாள்.

2.

ஜுமாய்தாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். [முதலில் இவளை விதவையாக்கினேன், சோகம் சும்மா கிடைக்கிறதே என்று. பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது. புருஷன் மீனுக்குப் போயிருக்கிறான். சாயங்காலம் வந்துவிடுவான்.]

கடலில் பாசி கட்டி விட்டிருந்த தன் கயிறுகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டு வந்தவள், ஒரு செடியில் கை வைத்ததும் நின்றாள். இவள் கயிறுகளிலேயே கொழுத்த செடி அதுதான், நல்ல கருஞ்சிவப்பு. அதன் கிளைகளில் சின்னச் சின்னதாக மரு.

எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கயிற்றில் கோளாறு கண்டவர் அந்தக் கணமே செடியை அறுத்துக் கரையேற்ற வேண்டும். கடலுக்கு வேலி இல்லை. போன கோடையில் வெளுப்பு நோய் ஜுமாய்தாவின் கயிற்றில்தான் தொடங்கி ஊர்ப் பாசியையெல்லாம் அழுக வைத்தது. யாரும் இவளை ஏசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒருவரும் இவளிடம் நாற்று கேட்டு வரவில்லை. ஏசியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

3.

(அடிக்குறிப்பு. பக்கத்தின் அடியில் போட்டால் நீங்கள் படிக்கமாட்டீர்கள் என்பதால் நடுவிலேயே: அந்த மரு நோய் அல்ல. பெண்செடி கருவுற்றால், பிறக்கும் தலைமுறை தாயின் உடம்பிலேயே ஒட்டிக்கொண்டு வளர்கிறது. அதுதான் மரு. அது உதிர்க்கும் வித்துகள் தாயைப் போலவே தோற்றமுள்ள இன்னொரு செடியாகின்றன. அந்தச் செடியின் வித்துகளிலிருந்துதான் மறுபடி ஆணும் பெண்ணும். நாங்களோ ஒரே செடியைக் கிள்ளிக் கிள்ளி நாற்றாகக் கட்டுகிறவர்கள். கல்யாணம் ஆன பாசியை எங்களில் அனேகர் பார்த்ததே இல்லை.

இது எனக்குத் தெரியும், ஜுமாய்தாவுக்குத் தெரியாது. அவள் காதில் ஓதிவிட எனக்கு ஆசைதான். ஓதினால் கதை போய்க் கட்டுரை திரும்பி வந்துவிடும்.)

4.

கதைக்கு ஒரு வில்லி வேண்டியிருந்தது. பக்கத்துக் கயிற்றுக்காரி, ஜுமாய்தாவின் புருஷனுக்கு அக்காள், நொர்ஹாதாவைக் கத்தியோடு அனுப்பினேன். 'நொர்ஹாதாவின் கண்களில் ஒரு கொடூரமான

இல்லை, வரவில்லை. அந்த அம்மாள் மரவள்ளிப் புட்டைத் தின்றுகொண்டே தோணியை உரசிக்கொண்டு வந்து நிறுத்தினாள்.

"ஏ புள்ள, என்னத்த அப்படிப் பொத்தி வச்சிருக்க?"

"ஒண்ணுமில்ல மதினி."

"ஒண்ணுமில்லாததையா ரெண்டு கையாலயும் மறைக்க? காட்டு." பார்த்தாள். "அட, மருவுல்லா! அறுத்துப் போடு."

"இம்புட்டு நல்ல நிறம் நம்மூர்ல எந்தக் கயித்துல இருக்கு, சொல்லுங்க?"

"நிறத்த வச்சு நாக்கு வழிக்கவா? போன கோடையில யார் கயித்துல தொடங்குச்சு?"

அந்த வரியை எழுதாமல் இருக்க எவ்வளவோ பார்த்தேன். சொல்லியே தீர்த்தாள். ஜுமாய்தாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அப்போ நீங்களே அறுத்துருங்க. எனக்குக் கை வரல."

நொர்ஹாதா புட்டை மடியில் வைத்துவிட்டு, ஒரு கிளையை ஒடித்தாள். நோய்ப் பாசி கொழகொழவென்று நசுங்கும். இது வெள்ளரிப்பிஞ்சு மாதிரி ஒடிந்தது. வாயில் போட்டு மென்றும் பார்த்தாள்.

"மருவப் பாத்தா அறுங்குது. வாயில போட்டா வையிங்குது. எந்தச் சனியன நான் நம்ப?"

5.

மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் செடி அறுபட்டுக் கரையில் மற்ற பாசியோடு காய்கிறது. ஒன்றில் ஜுமாய்தா அதைத் திருட்டுத்தனமாகக் காப்பாற்றுகிறாள். மூன்றாவதில் ஓர் ஆராய்ச்சியாளர் விசைப்படகில் வந்து (சே, இவர் வேண்டாம்).

நொர்ஹாதா எதற்கும் காத்திருக்கவில்லை. செடியைக் கயிற்றோடு கட்டியிருந்த நாடாவை அறுத்தாள், செடியைத் தூக்கினாள். கரைக்குப் போகிறாள் என்றே நானும் எழுதப் போனேன். அவள் தன் தோணியில் குனிந்து, அதைத் தன் கயிற்றில் முடிந்துகொண்டிருந்தாள்.

"மதினி! என்ன செய்றீக?"

"பாத்தாத் தெரியல? வெளுத்துச்சுன்னா இந்தத் தடவ நொர்ஹாதா கயித்துல தொடங்குச்சுன்னு ஊரு பேசட்டும். எனக்குத்தான் தோல் தடிப்பாச்சே."

"அப்படி வெளுத்துப் போச்சுன்னா?"

"போனா என்னடி? உங்கிட்ட நாத்துக் கேட்டு வாறேன். குடுக்க மாட்டியோ?"

நான் பேனாவை வைத்துவிட்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். பாசி வெளுத்ததா, வித்துகள் எந்தப் பவளக்கல்லில் ஒட்டின, எல்லாம் உங்கள் பாடு, விருப்பம்போல முடித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நிபந்தனை. அந்தச் செடியை நொர்ஹாதாவின் கயிற்றிலிருந்து மட்டும் அவிழ்த்துவிடாதீர்கள்.