பெட்டிக்குள் மணி ஐந்து

ஓட்டுநர் தன் போனை இரண்டு கையாலும் நீட்டினார். திரையில் விரிசல், ஆனாலும் செய்தி வந்த நேரம் தெளிவாகத் தெரிந்தது: இன்று காலை பத்தரை. டயாலிசிஸ் நோயாளிகளை எந்தெந்த வீட்டிலிருந்து ஏற்ற வேண்டும் என்ற பட்டியல் தினமும் காலை ஐந்து மணிக்கு அவருக்கு வந்துவிடும். இன்று பத்தரைக்குத்தான் வந்தது. ஏழு பேர் காத்துக் கிடந்தார்கள். அதில் ஒரு பெண்மணி வாசற்படியிலேயே மூச்சு முட்டிச் சரிந்துவிட்டார்.

"போன்ல டைமை மாத்தி வைக்க எவ்ளோ நேரமாகும்? நல்லாத் தூங்கிட்டு இப்ப கதை விடுறீங்க" என்றார் குழுத்தலைவர். எதையும் வெட்டிச் சுருக்குவதில் அவருக்கு இருந்த பிரியத்தால் அலுவலகத்தில் அவர் பேர் கத்திரி.

"நாலு தடவ இங்க போன் அடிச்சேன் சார். யாரும் எடுக்கல."

"விடியக்காலைல இங்க யாரு இருப்பா, பேயா?"

கத்திரி தன் மடிக்கணினியை மேலாளர் பக்கம் திருப்பினார். பட்டியல் அனுப்பும் நிரல் தானே எழுதி வைத்த குறிப்பு: 'அனுப்பப்பட்டது, மணி ஐந்து.'

"மெஷின் பொய் சொல்லுமா மேடம்?"

மேலாளர் பேனாவைத் திறந்தார். மேசைமேல் ஓட்டுநரின் பணிநீக்கக் கடிதம்.

அந்த நிரலை எழுதியவள் மேசைக் கோடியில் உட்கார்ந்திருந்தாள். அவள் பார்வை குறிப்பின் கடைசி வரியில் நின்றது. அது சற்றுமுன் விழுந்த வரி. அதில் மணி ஏழு. சுவர்க்கடிகாரத்திலோ பன்னிரண்டரை.

விரல்விட்டுக் கழித்துப் பார்த்தாள்: ஐந்தரை மணி நேரம்.

அந்த நிரல் ஓடுவது கண்டெய்னர் என்ற பெட்டிக்குள். ஒரு நிரல் தனிக்குடித்தனம் போவதுதான் அது. கூரை பெரிய கணினியுடையது. ஆனால் அடுப்பு, பாத்திரம், கரண்டி எல்லாம் தனி. நாம் உள்ளே வைத்து அனுப்பியது மட்டுமே அதற்கு உண்டு. நம் ஊர் நேரத்தைக் கணக்கிடும் அட்டவணையையும் அப்படி வைத்துத்தான் அவள் அனுப்பியிருந்தாள். அது இல்லாவிட்டால் நிரல் முனகாது, நிற்காது. நம்மைவிட அவ்வளவு நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரத்தையே நம் நேரமென்று நம்பிக்கொள்ளும். பிறகு அதன் கணக்கில் எதுவும் தாமதமில்லை.

பெட்டியின் எடையைக் குறைப்பதாகச் சொல்லி வெள்ளிக்கிழமை கத்திரி அந்த அட்டவணையைத்தான் வெட்டியிருந்தார். மூன்று மெகாபைட் இடம் மிச்சம். அதைக் கொண்டாடிக் குழுவில் ஒரு செய்தி வேறு.

"கையெழுத்துப் போடாதீங்க மேடம்."

"என்னம்மா இது, நடுவுல?" என்றார் கத்திரி.

"நீங்க வெள்ளிக்கிழம வெட்டுனீங்களே சார், அது என்னன்னு தெரியுமா?"

"தேவையில்லாத குப்பை."

"அது நம்ம ஊர் நேரம் சார்! அஞ்சரை மணி நேரத்த வெட்டிட்டு, உழைக்கிற மனுசனப் பாத்துத் தூங்கிட்டீங்கன்னு சொல்றீங்க." அவள் எழுந்து நின்றாள்.

கத்திரி மெல்லச் சிரித்தார். "சரி, வெட்டினேன். அதுக்கு ஓகே போட்டது யாரு? சொல்லு பாப்போம்."

அவளுக்கு நினைவு வந்தது. கிளம்பும் அவசரம். நாற்பது வரி மாற்றம். படிக்காமலே ஒப்புதலுக்கு ஒரு சொடுக்கு. வாயை மூடிக்கொண்டால் போதும், இருவரும் தப்பிக்கலாம். அவளை அப்படி எடைபோட்ட அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. சொடுக்கிய தன் விரலையும்.

"நான்தான். படிக்காம போட்டேன். அதையும் எழுதிக்குங்க மேடம்."

மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். பெட்டிக்குள் நுழைந்து, மணி என்ன என்று கேட்கும் ஒற்றைச் சொல்லை அடித்தாள். விசைப்பலகை அதிர்ந்தது.

07:12.

ஓட்டுநர் திரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பிறகு தன் பழைய கைக்கடிகாரத்தைக் கழற்றி, ஓடுகிறதா என்று காதில் வைத்துக் கேட்டார்.