உசிரோட பன்னிரண்டு நண்டு

யசோதினி பொருளியல் பட்டதாரி. படிப்பும் ஏற்றுமதியும் கைகோத்தால் நாடு எப்படி நிமிரும் என்று எண்பது பக்கத்தில் ஆய்வு எழுதி முதல் வகுப்பில் தேறியவள். எழுதியதோடு சும்மா இருந்தாளா? இல்லையே! செட்டிபாளையத்து வாவி நண்டை உயிரோடு சிங்கப்பூருக்கு அனுப்பப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

"ஏட்டுச் சுரக்காய் கறிக்கு உதவாது புள்ள," என்றார் நண்டு பிடிக்கிற தகப்பன் நல்லரத்தினம். "அரசாங்கக் கச்சேரியில கிளாக்கர் வேலைக்கு எழுதிப் போடு."

கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். புதன்கிழமை கொழும்புக் கம்பனிக்காரர் வந்து நண்டு பார்த்து ஓர்டர் தந்தால் அவள் விருப்பம். தராவிட்டால் அன்றைக்கே விண்ணப்பம்.

மூன்று நாள் தோணி தோணியாக அலைந்து பன்னிரண்டு நண்டு பொறுக்கினாள். ஒவ்வொன்றும் ஒரு கிலோ, ஒரு கால்கூட ஒடியாதவை. கொடுக்கைக் கட்டி, ஈரச்சாக்கால் மூடி, கூடையைக் குசினி மூலையில் நிழலுக்கு வைத்தாள். பிறகு கம்பனி வேனுக்கு வழிகாட்டப் பெரிய ரோட்டுக்குப் போனாள். அங்கேதான் கணக்குப் பிழைத்தது.

சிவதர்ஷன் என்ற கம்பனிக்காரர் படிவமும் கையுமாக இறங்கும்போதே முருங்கை இலை போட்ட நண்டுக்கறி மணம் ஆளைத் தூக்கியது. யசோதினி செருப்பை உதறினாள். குசினிக்கு ஓடினாள். கூடையில் சாக்கு மட்டும் கிடந்தது.

"அம்மா! எங்க நண்டு?"

"அடுப்பில, கிடாரத்துக்குள்ள," என்றாள் தாய் இராசாத்தி பெருமையாக. "கொழும்பில இருந்து மனிசன் வாறாரெண்டா வாய் நனைக்காம அனுப்பிறதா?"

"ஐயோ, அது அவர் பாக்கிறதுக்கு வச்ச நண்டு!"

"பாக்கட்டுமே. மறுகா தின்னட்டும்."

பாவம், சிவதர்ஷன் வேண்டாம் என்றுதான் சொன்னார். அது முதல் நண்டுவரை. ஐந்தாவது நண்டுக்குக் கழுத்துப்பட்டியைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டார். மிச்சத்தை வேன்காரர் பார்த்துக்கொண்டார். சிவதர்ஷன் கைகழுவிப் படிவத்தைத் திறந்தால், முதல் கேள்வியே நண்டு உயிரோடு இருக்கிறதா என்பதுதான். பேனை நின்றது. ஏப்பம் வந்தது.

"தங்கச்சி, பொய் எழுத ஏலாது. இண்டைக்கு ஒண்டும் எழுதாமப் போறன். வாற புதன் முதலாளியக் கூட்டிவாறன். நண்டு உசிரோட இருக்கோணும்." வேனில் ஏறியவர் தலையை நீட்டினார். "அன்ரி, அண்டைக்கும் சமைப்பீங்கதானே?"

"சமைக்காம? கட்டாயம் தம்பி!"

வேன் போனதும் நல்லரத்தினம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இந்த வீட்டு ஏற்றுமதி குசினியத் தாண்டாது. விண்ணப்பத்த எழுது புள்ள."

யசோதினிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆத்திரம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். "எழுதமாட்டன்! வாற புதன் அம்மா வவுணதீவுக்குச் சித்திட வீட்ட போகட்டும்."

"அப்ப வாறவங்களுக்கு ஆரு கா சமைக்கிற?" என்றாள் இராசாத்தி.

"நான்."

நாலு வருஷம் விடுதியில் நூடில்ஸ் தின்று பட்டம் எடுத்தவள் அவள். போன மாதம் அவள் வைத்த சொதியை முகர்ந்து பார்த்த நாய், அன்றைக்கு முழுக்க வளவுப் பக்கமே வரவில்லை.

நல்லரத்தினம் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்து வலையைத் தோளில் போட்டார்.

"அப்ப நண்டு உசிரோடதான் போகும்," என்றார். "பன்னிரண்டு போதுமா புள்ள, இன்னும் புடிக்கட்டா?"