நான்காவது குறிப்பு

எங்கள் வட்டாரத் தத்துவ மாநாட்டுக்கு ஒன்பது வருடமாக நான்தான் செயலாளர். தேர்ந்தெடுத்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பொதுக்குழுவில் ‘யார் பொறுப்பெடுக்கிறீர்கள்?’ என்று கேட்ட நேரத்தில் நான் கை கழுவப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள்.

வேலை இதுதான். வருடா வருடம் கட்டுரை அழைப்பு எழுதிச் சுற்றுவட்டாரக் கல்லூரிகளுக்கெல்லாம் அனுப்ப வேண்டும். கடைசித் தேதியை யாரும் மதிக்க மாட்டார்கள் என்பதால் உண்மையான தேதிக்கு இருபது நாள் முன்னால் ஒரு பொய்த் தேதி போடுவோம். அது பொய் என்று எல்லோருக்கும் தெரியும். உண்மையைத் தேடுவதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் இப்படித்தான் ஒன்றுகூடுகிறோம். கூடினாலும் யாரும் கேள்வி கேட்பதில்லை. “இது கேள்வி இல்ல, ஒரு கருத்து” என்று எழுந்து நின்று பத்து நிமிடம் தங்களைப் பற்றிப் பேசுவார்கள்.

வருகிற கட்டுரைகளைத் துறையின் கிளார்க் அம்மா பிரிப்பார். பெயர் இருக்கும் தாளைக் கத்தரித்து எடுத்துவிட்டு, மீதியில் ஒரு எண் போட்டு மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்புவார். எழுதியது யார் என்று படிப்பவருக்குத் தெரியக் கூடாது. படித்தது யார் என்று எழுதியவருக்கும் தெரியக் கூடாது. எழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிட்டால் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். விதி அது. நானே எழுதிய விதி.

இந்த வருட அழைப்பை ஒரு திங்கட்கிழமை காலை எழுதிக்கொண்டிருந்தேன். போன வருடத்ததை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றுவதற்கு எங்கள் துறையில் எழுதுவது என்று பெயர். டீயில் சர்க்கரை போதவில்லை என்று முனகிக்கொண்டிருந்தபோது கிளார்க் அம்மா வந்து ஒரு கட்டுரையை மேசையில் வைத்தார். மூலையில் சிவப்பு மையில் ‘1’.

“முதல் போணி சார்.”

“எதும்மா? நான் இன்னும் அழைப்பே அனுப்பலையே.”

“அதைத்தான் நானும் யோசிச்சேன். தபால் தட்டுல இருந்துச்சு. கத்தரிக்கோலுக்கு வேலையே வெக்கல, பேரே கிடையாது.”

“உறை?”

“அதுவும் இல்ல.”

தலைப்பைப் பார்த்தேன். ‘காலி இழுப்பறையை ஏன் திறக்கிறோம்?’ கையிலிருந்த பிஸ்கட் டீக்குள் விழுந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

அதே தலைப்பில் போன வருடமும் ஒரு கட்டுரை வந்தது. அப்போது அதன் எண் 23. மதிப்பீட்டாளர் நான். இரண்டாம் பக்கத்திலேயே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. என் அக்கா.

அக்கா ஆஸ்பத்திரி மருந்தகத்தில் முப்பது வருடம் மருந்து எடுத்துக் கொடுத்தவள். டிப்ளமாவோடு நிறுத்திக்கொண்டாள். என்னைப் படிக்க வைத்து முடிப்பதற்குள் அவளுடைய முறை போய்விட்டது. என் புத்தகங்களை வாங்கிப் போய், தீர்ந்த மாத்திரை அட்டைகளைப் பக்கத்துக்குப் பக்கம் அடையாளம் வைத்துப் படிப்பாள். அவள் கட்டுரை கேட்ட கேள்வி மிகவும் எளியது. ஒருவர் வந்து ஒரு மருந்து கேட்கிறார். அது தீர்ந்துவிட்டது என்று கவுன்டரில் நிற்பவளுக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் இழுப்பறையை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ‘இல்லைங்க’ என்கிறாள். தெரிந்ததை எதற்குப் பார்க்கிறாள்? யாருக்காகப் பார்க்கிறாள்? திறக்காமல் சொன்ன ‘இல்லை’யும் திறந்து சொன்ன ‘இல்லை’யும் ஒன்றுதானா?

பதினொரு பக்கம். இல்லாமையைப் பற்றி இருபது வருடமாக நான் எழுதிக் குவித்தது அந்தப் பதினொரு பக்கத்துக்கு அட்டை போடக்கூட ஆகாது.

விதிப்படி திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. மூன்று குறிப்புகள் எழுதினேன். மேற்கோள்கள் போதாது. வாதத்தின் கட்டுக்கோப்பு போதாது. இழுப்பறை உதாரணம் ஆய்வுத் தரத்துக்குப் போதாது. பொறாமைக்கு இவ்வளவு நல்ல தமிழ் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பிறகு நான்காவதாக ஒன்றைத் தட்டினேன்: ‘அக்கா, நல்லாருக்கு. நான் எழுதினதைவிட நல்லாருக்கு.’ அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழித்தேன். ‘திருத்தி அடுத்த ஆண்டு அனுப்பலாம்’ என்று முடித்து அனுப்பிவிட்டேன்.

அந்த வாரமே போன் செய்தாள்.

“டேய், உங்க மாநாட்டுக்கு ஒண்ணு எழுதி அனுப்பினேன். எவனோ ஒரு மேதாவி என்னைத் துவைச்சுக் காயப்போட்டுட்டான்டா.”

“நீயா? உனக்கெதுக்குக்கா இதெல்லாம்?” எனக்கு நடிக்கவும் வரும்.

“ஏன், சர்டிபிகேட் வெச்சிருந்தாத்தான் யோசிக்கணுமா? மூணு குறிப்பு எழுதியிருக்கான். மூணுலயும் போதாது, போதாது, போதாது.” சிரித்தாள். “ஆனா முழுசாப் படிச்சிருக்கான்டா. எனக்கு அது போதும்.”

நான்கு மாதம் கழித்து, யாருக்கோ ஒரு மருந்தைத் தேடி இழுப்பறையை இழுத்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். இதயம். அந்தக் கட்டுரையைக் குதறியது நான்தான் என்றும், அது நன்றாக இருந்தது என்றும் அவளிடம் சொல்லாமலே போயிற்று.

இப்போது மேசையில் கிடந்த கட்டுரைக்குப் பதினான்கு பக்கம். கடைசியில், திருத்தி அனுப்புகிறவர்கள் வழக்கமாக இணைக்கும் பதில் தாள்.

‘முதல் குறிப்பு: மேற்கோள்கள் சேர்க்கப்பட்டன. இரண்டாம் குறிப்பு: வாதம் இறுக்கப்பட்டது. மூன்றாம் குறிப்பு: இழுப்பறையை எடுக்க முடியாது. நான்காம் குறிப்புக்கு நன்றி. அதற்கான பதிலை நேரில் சொல்கிறேன்.’

நான்காம் குறிப்பு எந்தத் தாளிலும் கிடையாது, எந்தக் கணினியிலும் கிடையாது. மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. நான் மாட்டிக்கொள்ளக்கூடிய எதையும் அவளிடம் சொல்லாமலிருப்பதுதான் எங்கள் இல்லறத்தின் அஸ்திவாரம்.

மாமாவுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, போன் போட்டேன்.

“மாமா, அக்கா எழுதினது எதையாவது தபால்ல போட்டீங்களா?”

“நான் எங்க மாப்ள போட்டேன்? அவ பேப்பரெல்லாம் கட்டி வெச்சது வெச்சபடியே கெடக்கு.”

“கடைசி நாள்ல எதாவது திருத்திக்கிட்டு இருந்தாளா?”

“எழுதி நான் பார்க்கல. ஆனா தூக்கத்துல படிப்பா. சத்தமா, பேச்சுப் போட்டிக்கு ஒப்பிக்கிற மாதிரி. கேட்டுக்கிட்டே நானும் தூங்கிடுவேன். ஏன் கேக்குற?”

“சும்மாதான் மாமா.”

இந்த முறை விதியை மதித்தேன். கட்டுரையை நான் மதிப்பிடாமல் வேறு இருவருக்கு அனுப்பினேன். ஒருவருக்கொருவர் அறிமுகமில்லாதவர்கள். இருவரும் ஏற்கலாம் என்று எழுதினார்கள். இருவரும் கீழே ஒரே வரியைச் சேர்த்திருந்தார்கள்: ‘தூக்கக் கலக்கத்தில் எங்கோ கேட்டது போலிருக்கிறது. எங்கே என்று நினைவில்லை.’

நிகழ்ச்சி நிரலைப் பார்த்துத் துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“பேரே இல்லாத ஆளுக்கு எப்படிய்யா நேரம் குடுப்ப?”

“நேர்ல வரேன்னு எழுதியிருக்காங்க சார்.”

“அப்ப ரெண்டாம் நாள் சாப்பாட்டுக்கு அப்புறம் போடு. வந்தாலும் ஒண்ணுதான், வராட்டியும் ஒண்ணுதான்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் மாநாட்டில் அந்த அமர்வில் உயிரோடு இருப்பவர் பேச்சாளர் ஒருவர் மட்டுமே.

இரண்டாம் நாள், மதியம் இரண்டேகால். மாடியில் நீளமான அறை. முப்பது பேர் இருந்திருப்பார்கள். முன்னால் ஒரு மர மேசை, அதற்கு ஒரு இழுப்பறை, மேலே ஒரு டம்ளர் தண்ணீர், பக்கத்தில் காலி நாற்காலி. அமர்வுத் தலைவர் ஓய்வு பெற்ற பேராசிரியர். நிரலைத் தடவிப் பார்த்துவிட்டு, “கட்டுரையாளர் வரல போலிருக்கு. அடுத்தவரைக் கூப்பிடலாமா?” என்றார்.

“இருபது நிமிஷம் அவங்களோடது சார். காத்திருப்போம்” என்றேன் கடைசி வரிசையிலிருந்து.

துறைத் தலைவர் திரும்பி, ‘கிறுக்கா உனக்கு?’ என்று வாயை மட்டும் அசைத்தார். ஆனால் வயிறு நிறைந்த நேரத்தில் இருபது நிமிடம் சும்மா இருங்கள் என்றால் எந்தத் தத்துவக்காரன் எதிர்க்கப்போகிறான்?

ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். முதலில் அமர்வுத் தலைவர், பிறகு முன்வரிசை, பிறகு மணியடிக்க உட்கார்ந்திருந்த கிளார்க் அம்மா. நான் தொடையைக் கிள்ளிக்கொண்டு விழித்திருந்தேன். நாற்காலி காலியாகவே இருந்தது. ஒரு சத்தமும் இல்லை.

எட்டாவது நிமிடத்தில்தான் கவனித்தேன். தூங்குகிற தலைகள் ஆடிக்கொண்டிருந்தன. தூங்கி விழுகிற ஆட்டமல்ல. ஒப்புக்கொள்கிற ஆட்டம். எல்லாம் ஒரே நேரத்தில் ஆடின, ஒரே நேரத்தில் நின்றன, மறுபடி ஆடின. எனக்கு முன்னால் இருந்த ஆய்வு மாணவி கண்ணை மூடியபடியே நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பதினைந்தாவது நிமிடம் கிளார்க் அம்மாவின் கை மட்டும் எழுந்து மணியை ஒருமுறை அடித்தது. அவர் இமை திறக்கவில்லை. இருபதில் இரண்டு முறை. அறை மொத்தமும் விழித்துக்கொண்டது.

“அருமை” என்றார் அமர்வுத் தலைவர். “கேள்விகள்?”

ஓர் இளம் விரிவுரையாளர் எழுந்தார். கட்டுரையை அவருக்கு யாரும் கொடுத்ததில்லை. காலி நாற்காலியைப் பார்த்து, “அம்மா, இது கேள்வி இல்ல, ஒரு கருத்து. கேட்டவங்களுக்கு நாம செய்யிற மரியாதைதான் இழுப்பறையைத் திறக்கிறதுன்னு சொன்னீங்க. மனசுல நின்னுடுச்சு” என்றார். பதிலைக் கேட்பது போலத் தலையைச் சாய்த்து நின்றுவிட்டு, “நன்றிம்மா” என்று உட்கார்ந்தார்.

என் முழங்கால்கள் தாமாகவே எழுந்தன. நான் கூடவே போனேன்.

“இதுவும் கேள்வி இல்ல” என்றேன். “போன வருஷம் அந்த மூணு குறிப்பையும் எழுதினது நான்தான். நாலாவது ஒண்ணும் எழுதினேன். அழிச்சிட்டேன். அக்கா, நல்லாருக்கு. நான் எழுதினதைவிட நல்லாருக்கு.”

முப்பது தலைகளும் என்னிடமிருந்து மேசைப் பக்கம் திரும்பின. நானும் பார்த்தேன். டம்ளர். நாற்காலி. பிறகு அந்தத் தலைகள் மெதுவாக, யாரோ நடந்து வருவதைத் தொடர்வது போல, மேசையிலிருந்து நடைபாதை வழியாக என்னை நோக்கித் திரும்பி வந்தன. எனக்கு வெகு அருகில் நின்றன. அறை உன்னிப்பாகக் கேட்டது.

திடீரென்று எல்லோரும் சிரித்தார்கள். கேலிச் சிரிப்பல்ல. துறைத் தலைவர்கூடத் தொடையைத் தட்டிச் சிரித்தார். எனக்கு மட்டும் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த கட்டுரை தொடங்கியதும் கிளார்க் அம்மாவை வெளியே கூப்பிட்டேன்.

“என்னம்மா சொன்னாங்க?”

“உங்களுக்குக் கேக்கலையா சார்? உங்க பக்கத்துல வந்து நின்னுதானே சொன்னாங்க!” இன்னும் சிரிப்பு அடங்கவில்லை அவருக்கு. “‘குறிப்பைப் படிச்சப்பவே நீதான்னு தெரியும்டா. நான் டீ போட்டாலே சக்கரை போதாதுன்னு சொல்ற ஆளு உலகத்துல நீ ஒருத்தன்தானே’ன்னாங்க. அப்புறம் உங்க தலையில ஒண்ணு வெச்சாங்க.” சிரிப்பு மெல்ல வடிந்தது. “யாரு சார் அவங்க? முகம் ஞாபகத்துக்கு வரமாட்டேங்குதே.”

நான் உச்சந்தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். மருந்தகத்தில் பஞ்சால் துடைத்துவிட்ட இடம் போல அந்த ஓரிடம் மட்டும் சில்லென்றிருந்தது.

மாலையில் எல்லோரும் வாங்கிப் போன பிறகு ஒரு சர்டிபிகேட் மிஞ்சியது. “இதுல என்ன பேரு சார் போட?” என்றார் கிளார்க் அம்மா. அக்காவின் பெயரை நானே எழுதினேன். முன்னால் முனைவர் இல்லை, பின்னால் பட்டங்கள் இல்லை. எங்கள் மாநாட்டில் அப்படியொரு சர்டிபிகேட் அதுதான் முதல். மாடி அறை மேசையின் இழுப்பறையில் வைத்தேன். அறையைப் பூட்டிச் சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். இன்னொரு சாவி கிடையாது.

மறுநாள் காலை படியேறும்போதே தெரிந்துவிட்டது, அது அங்கே இருக்காது என்று. இருந்தாலும் திறந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். இல்லை.